பழைய டீசலா, புது சிஎன்ஜியா? ஏழு சீட்டர் வாங்கும் முன்

எங்கள் வீட்டில் ஆறு பேர். மாதத்துக்கு இரண்டு முறை குரோம்பேட்டையிலிருந்து வந்தவாசி, வருஷத்துக்கு ஒரு முறை கும்பகோணம் பக்கம் கோயில்கள், பிள்ளைகளுக்கு லீவு விட்டால் கொடைக்கானல். அப்பாவுக்கு முழங்கால் வலி. வழியில் வண்டியை நிறுத்தினால் பின்சீட்டை மடக்கிவிட்டு அவர் காலை நீட்டி ஒரு மணி நேரம் படுக்க வேண்டும், லாட்ஜ் கிடைக்காத ராத்திரி இரண்டு பேராவது உள்ளே தூங்க வேண்டும். கேரவன் வாங்க வசதியில்லாதவன் காணும் கேரவன் கனவு இது.

இதற்கு என் முன்னால் இருந்தவை இரண்டே வழி. ஒன்று, 2011 மாடல் டீசல் இன்னோவா, கேட்ட விலை 5 லட்சத்து 60 ஆயிரம். இன்னொன்று, சிஎன்ஜி (சிலிண்டரில் அடைத்த இயற்கை எரிவாயு), பெட்ரோல் இரண்டிலும் ஓடும் எர்டிகா, புதிதாகவோ இரண்டு வருஷம் ஓடியதாகவோ. முடிவெடுக்க எனக்கு ஏழு மாதம் ஆனது, கையிலிருந்து பத்தாயிரம் ரூபாயும் போனது. நீங்கள் ஒரு மாதத்தில் முடித்துவிடலாம்.

1. முதலில் கிலோமீட்டரை எழுதுங்கள்

எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் "அதிகம் ஓடுறவங்களுக்கு டீசல் சார்" என்பார். லிட்டருக்கு 25, 30 ரூபாய் வித்தியாசம் இருந்த காலத்துப் பேச்சு அது. 2025ல் நான் கணக்குப் போட்டபோது சென்னையில் பெட்ரோல் 100 ரூபாய் சொச்சம், டீசல் 92 ரூபாய் சொச்சம், சிஎன்ஜி கிலோ 90 ரூபாயை ஒட்டி. எட்டு ரூபாய் வித்தியாசத்துக்காக மட்டும் யாரும் டீசல் வாங்க வேண்டியதில்லை.

ஒரு நோட்டில் மூன்று மாதம் எழுதுங்கள்: ஊருக்குள் எத்தனை கிலோமீட்டர், நெடுஞ்சாலையில் எத்தனை, மலையேற்றம் உண்டா, எத்தனை பேர் ஏறுகிறார்கள். ஞாபகத்தில் சொல்லாதீர்கள். மாதம் இரண்டாயிரம் ஓட்டுகிறோம் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதிப் பார்த்தால் ஆயிரத்தைத் தாண்டவில்லை.

2. ஒரு கிலோமீட்டர் என்ன விலை

பழைய இன்னோவா டீசல் நடைமுறையில் லிட்டருக்கு 10 முதல் 12 கிலோமீட்டர் கொடுக்கும். 11 என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 8 ரூபாய் 40 காசு. எர்டிகா சிஎன்ஜிக்கு கம்பெனி சொல்லும் மைலேஜ் கிலோவுக்கு 26.11. ஏசி போட்டு, ஆறு பேரை ஏற்றி, ஜிஎஸ்டி சாலை நெரிசலில் ஓட்டினால் 21 கிடைத்தாலே சந்தோஷம். அதுவே 4 ரூபாய் 30 காசுதான். அதே வண்டி பெட்ரோலில் 15 கொடுத்தால் 6 ரூபாய் 70 காசு.

மாதம் 1,000 கிலோமீட்டருக்கு டீசலைவிட சிஎன்ஜியில் வருஷத்துக்கு ஏறக்குறைய 49 ஆயிரம் மிச்சம். இதைப் பார்த்ததும் உடனே ஷோரூமுக்கு ஓடாதீர்கள், நானும் ஓடினேன். வண்டி விலையில் பாதி வித்தியாசம் இருக்கிறதே! பழைய டீசலுக்கும் புது சிஎன்ஜிக்கும் இடையில் ஐந்தாறு லட்சம் இருந்தால், எரிபொருளில் மட்டும் அதை மீட்கப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும். பழைய வண்டிக்கு வரும் வேலைச் செலவையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அதை ஐந்தாவது படியில் சொல்கிறேன்.

சாதா பெட்ரோலா, சிஎன்ஜியா என்று தடுமாறுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. புது வண்டியில் சிஎன்ஜிக்கு 95 ஆயிரம் வரை கூடுதல். கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 40 காசு மிச்சம் என்றால் அதை மீட்க 40 ஆயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டும். மாதம் 500 ஓட்டுகிறவருக்கு ஆறரை வருஷம். அவர் சிஎன்ஜி பக்கமே போக வேண்டாம்.

3. பழைய டீசலா? இன்ஜினுக்கு முன்னால் தேதியைப் பாருங்கள்

ஓன் போர்டு (சொந்த உபயோக) வண்டிக்கு ஆர்சி 15 வருஷம்தான் செல்லும். 2011 வண்டிக்கு 2026ல் முடிகிறது. அதற்குப் பிறகு ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம். படிவம் 25, ஆர்டிஓ அலுவலகத்தில் வண்டியை நேரில் காட்ட வேண்டும், நம் ஆட்கள் "எஃப்சி (தகுதிச் சான்று) காட்டுறது" என்பார்கள். காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய், 20 வருஷம் தாண்டினால் 10,000. தேதி தவறினால் மாதத்துக்கு 500 ரூபாய் அபராதம். பசுமை வரி தனி. இதெல்லாம் சின்னச் செலவு. பெரிய செலவு, எஃப்சிக்கு முன் வண்டியை நேராக்குவது. துரு, டயர், லைட், புகை, டிங்கரிங், பெயிண்ட் என்று நாற்பது ஐம்பதாயிரம் ஒதுக்கி வையுங்கள்.

தேதி முடிய ஆறு மாதத்துக்குள் இருக்கும் வண்டி திடீரென்று மலிவாகக் கிடைப்பது இதனால்தான். எஃப்சியை விற்பவரே முடித்துத் தரட்டும். "ஈஸியா ஆயிடும் சார்" என்றால், ஈஸி என்றால் நீங்களே செய்துகொடுங்கள் என்று சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். பதிலிலேயே வண்டியின் நிலைமை தெரிந்துவிடும்.

பழைய வண்டிக்கு வங்கிக் கடன் சுலபத்தில் கிடைக்காது. கையில் பணம் வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

4. காகிதம் (நான் விழுந்த இடம் இது)

இன்னோவாவைப் பார்த்த அன்றே பிடித்துவிட்டது. ஒரே ஓனர், மேல்தட்டு மனிதர், வீட்டில் காபி கொடுத்தார். 25 ஆயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தேன். ஆர்சியைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. பின்பக்கத்தில் ஒரு ஃபைனான்ஸ் நிறுவனத்தின் பெயர் எச்பி என்று, அதாவது வண்டி அவர்கள் கடனில் இருக்கிறது என்று, உட்கார்ந்திருந்தது. கேட்டதற்கு, "அந்தக் கடனை 2015லேயே கட்டி முடிச்சிட்டேன்" என்றார். உண்மைதான், கட்டியிருந்தார். ஆனால் தடையில்லாச் சான்று வாங்கவே இல்லை. இப்போது அந்தக் கிளை அங்கே இல்லை, பழைய கடன் எண் அவரிடம் இல்லை, வாடிக்கையாளர் சேவையில் ஒவ்வொரு முறையும் புது ஆள். 74 நாள் ஓடியது. கடைசியில் அவர் வேறு யாருக்கோ வண்டியைக் கொடுத்துவிட்டு எனக்கு 15 ஆயிரத்தைத் திருப்பினார். மீதிப் பத்தாயிரம் போனது போனதுதான்.

எனவே அட்வான்ஸுக்கு முன் இவை:

எம்பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போடுங்கள். எச்பி, இன்சூரன்ஸ் முடியும் நாள், புகைச் சான்று, ஆர்சி செல்லும் தேதி எல்லாம் வரும். இ-சலான் தளத்தில் அபராத பாக்கி தெரியும். சென்னையில் கேமரா அபராதம் ஓனருக்கே தெரியாமல் ஏழெட்டு சேர்ந்திருக்கும்.

எச்பி இருந்தால் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும், அவர்கள் கையெழுத்திட்ட படிவம் 35ம் விற்பவர் கையில் இருக்க வேண்டும். சான்றின் தேதியைப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று மாதம்தான் செல்லும்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30. விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அரசுக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். ஆபீஸ் வாசலில் நிற்கும் புரோக்கர் என்னிடம் கேட்டது 4,500.

ஆர்சியில் இருப்பவர் இறந்திருந்தால் படிவம் 31, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம். அண்ணன் தம்பி சண்டை இருக்கும் வீடு என்றால் விட்டுவிடுங்கள்.

டெல்லி வண்டி பற்றி ஒரு வார்த்தை. அங்கே பத்து வருஷம் தாண்டிய டீசலுக்குத் தடை வந்ததால், நல்ல நிலைமையில் இருக்கும் வண்டிகளைப் பாதி விலைக்கு இங்கே கொண்டுவருகிறார்கள். பார்க்க மினுமினுவென்று இருக்கும். அந்த ஊர் ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, தமிழ்நாட்டு வரி மூன்றும் முடித்து டிஎன் எண் வாங்கிய பிறகு வரட்டும், பார்க்கலாம். புதுச்சேரி, கேரளா, கர்நாடகா எண்ணுக்கும் இதே பேச்சுதான். வெளிமாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்தாக வேண்டும்.

5. வண்டியைக் காலை ஆறு மணிக்குப் பாருங்கள்

"பத்து மணிக்கு வாங்க சார்" என்றால் அதற்குள் இன்ஜினைச் சூடாக்கிவிடுவார்கள். சொல்லாமல் காலையில் போய், பானெட்டில் கை வைத்துக் குளிர்ச்சியாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஒரே தட்டில் பிடிக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று விநாடி லேசான புகை பரவாயில்லை. நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை விடாமல் வந்தால் இன்ஜெக்டரோ ஹெட் கேஸ்கட்டோ. மிதித்ததும் கரும்புகை கொட்டினால் டீசல் சரியாக எரியவில்லை. இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து மேலே வையுங்கள். குபுகுபு என்று காற்று அடித்து மூடி துள்ளினால் கைகுலுக்கிவிட்டு வந்துவிடலாம்.

பழைய டீசலில் பயப்பட வேண்டியவை நான்கு: இன்ஜெக்டர், டர்போ, கிளட்ச், டைமிங் பெல்ட். நான் பார்த்த இன்னொரு வண்டிக்கு நான்கு இன்ஜெக்டருக்கும் சேர்த்து மெக்கானிக் சொன்ன தொகை 58 ஆயிரம். பழைய 2.5 லிட்டர் இன்னோவாவில் செயின் கிடையாது, பெல்ட். மாற்றிய பில் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் குறையுங்கள். மொத்தமாக, வாங்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்கை முதல் வருஷ வேலைக்கு என்று தனியாக வைக்காமல் பழைய டீசலில் இறங்காதீர்கள்.

இனி, சென்னைக்காரர்கள் முக்கியமாகக் கவலைப்பட வேண்டிய விஷயம்: வெள்ளம். 2015 டிசம்பரில் முடிச்சூர், வேளச்சேரி பக்கம் நின்ற வண்டிகள், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணை, பெரும்பாக்கத்தில் மூழ்கியவை, எல்லாம் கழுவித் துடைத்து இன்றும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். வெளியே தெரியும் பாகத்தைத்தான் சோப்புப் போட்டிருப்பார்கள், சுருளின் அடிப்பகுதியில் சேற்றுக் கோடு அப்படியே இருக்கும். நான் இழுத்துப் பார்த்த ஒரு பெல்ட்டின் கடைசி ஒரு சாண், டிகாஷனில் நனைத்த துணி மாதிரி இருந்தது. விற்பவர் அதைப் பார்த்துவிட்டு, "அது வெயில் சார்" என்றார். ஸ்டெப்னி இருக்கும் இடத்தில் மணல், சீட்டுக்கு அடியில் அது நகரும் இரும்புப் பட்டையில் துரு, ஏசி போட்டதும் ஈர வாடை, இவற்றையும் பாருங்கள்.

காகிதத்தில் ஒரு தந்திரம் உண்டு. பழைய இன்சூரன்ஸ் பாலிசியைக் கேட்டு வாங்கி என்சிபி (கிளெய்ம் வாங்காததற்குத் தரும் தள்ளுபடி) எத்தனை சதவீதம் என்று பாருங்கள். ஐந்து வருஷம் கிளெய்ம் இல்லாதவருக்கு 50 சதவீதம். 2024 பாலிசியில் அது பூஜ்யமாக இருந்தால் பெரும்பாலும் முந்தைய வருஷம் ஏதோ கிளெய்ம் வாங்கியிருக்கிறார். என்ன கிளெய்ம், எந்த மாதம் என்று கேளுங்கள்.

6. சிஎன்ஜி பக்கம் இருக்கும் வலிகள்

மலிவு என்றதும் எல்லோரும் மறப்பது டிக்கி. எர்டிகாவில் மூன்றாவது வரிசைக்குப் பின்னால் சிலிண்டர் உட்கார்ந்துவிடுகிறது. ஆறு பேர் ஏறினால் பெட்டி வைக்க இடம் இல்லை, மேலே கேரியர் போட வேண்டும். பின்சீட்டை மடக்கினாலும் சிலிண்டர் நீட்டிக்கொண்டிருப்பதால் இன்னோவா மாதிரி காலை நீட்ட முடியாது. ஷோரூமுக்கு அப்பாவையும் கூட்டிப்போய்ப் படுக்கச் சொல்லிப் பாருங்கள். நான் சொன்னேன். சேல்ஸ் பையன் திகைத்துப் போனான். நடுவரிசையை முன்னால் தள்ளி, மூன்றாவது வரிசையை மடக்கி, குறுக்காகப் படுத்தால் அப்பாவுக்குச் சரியாக இருந்தது. அவர் ஐந்தடி நாலு அங்குலம். ஐந்தடி எட்டு அங்குல மாமாவுக்கு இது நடக்காது.

இழுவை. எர்டிகா பெட்ரோலில் 103 பிஎஸ் (குதிரைசக்தி), சிஎன்ஜியில் 88 பிஎஸ். பழைய இன்னோவாவும் 102 பிஎஸ்தான், ஆனால் டார்க், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் விசை, 200 நியூட்டன் மீட்டர். எர்டிகா சிஎன்ஜியில் அது 121 சொச்சம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது இந்த வித்தியாசம் காலில் தெரியும். மலையடிவாரத்தில் பெட்ரோலுக்கு மாற்றிவிடுங்கள். அடிக்கடி முழு பாரத்தோடு மலை ஏறுகிறவர்களுக்கு இன்றும் டீசல்தான் என்பது என் அபிப்பிராயம். இதில் என் மச்சானோடு வாதாட மாட்டேன், அவர் கூடலூர்க்காரர்.

வரிசை. சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை ஆட்டோவும் டாக்சியும் பங்க்கில் வளைந்து நிற்கும். காலை ஐந்தரைக்குப் போனால் பத்து நிமிஷம். பிரஷர் குறைவாக இருக்கும் நேரத்தில் சிலிண்டர் முழுதாக நிறையாது, எட்டு கிலோ எதிர்பார்த்த இடத்தில் ஆறோடு நின்றுவிடும். நிரப்பும்போது எல்லோரும் இறங்க வேண்டும், முழங்கால் வலிக்காரரும்தான்.

செகண்ட் ஹேண்ட் சிஎன்ஜி என்றால் மூன்றைச் சரிபாருங்கள். ஆர்சியில் எரிபொருள் என்ற இடத்தில் பெட்ரோல்/சிஎன்ஜி என்று இருக்க வேண்டும். வெறும் பெட்ரோல் என்றிருந்தால் வெளியே மாட்டிய கிட், பதிவு செய்யவில்லை. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். அடுத்து, சிலிண்டருக்கு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) கட்டாயம். கடைசியாக எப்போது செய்தது என்ற தேதி தகட்டில் இருக்கும். 2022 வண்டிக்கு 2025லேயே செய்திருக்க வேண்டும். மூன்றாவது, 2023 ஏப்ரலுக்குப் பிந்தைய வண்டி என்றால் நல்லது, 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும்படி அதன் ரப்பர், குழாய்கள் வரும்.

7. புதுசு என்றால் பத்து லட்சக் கோடு

தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து புதுக் காருக்கு ஆயுள் வரி: 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. விலை 9 லட்சத்து 95 ஆயிரம் என்றால் வரி 1,29,350. விலை 10 லட்சத்து 5 ஆயிரம் என்றால் 1,80,900. பத்தாயிரம் ரூபாய் அதிகம் போட்டு அலாய் வீல் உள்ள மாடல் எடுத்தால் வரியில் 51 ஆயிரம் போகிறது! மாடல் பெயரைப் பார்க்காமல் விலையைப் பாருங்கள். பத்து லட்சம் தாண்டினால் ஒரு சதவீதம் டிசிஎஸ் (விற்கும்போதே வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் திரும்ப வரும், பில்லைத் தொலைக்காதீர்கள்.

இரண்டு வருஷம் ஓடிய டிஎன் வண்டியை வாங்கினால் இந்த வரியை முதல் ஓனர் கட்டிவிட்டார், உங்களுக்கு மறுபடி இல்லை. கடைசியில் என்னை அந்தப் பக்கம் தள்ளியது இதுதான். 2023 எர்டிகா சிஎன்ஜி, 31 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியது.

8. இன்சூரன்ஸ்

தர்ட் பார்ட்டி பிரீமியம் இன்ஜின் அளவைப் பொறுத்தது. 1500 சிசிக்கு மேல் 7,897 ரூபாய், 1000 முதல் 1500 வரை 3,416, இரண்டுக்கும் ஜிஎஸ்டி தனி. 2494 சிசி இன்னோவாவுக்கும் 1462 சிசி எர்டிகாவுக்கும் வருஷா வருஷம் இந்த வித்தியாசம் உண்டு. பாலிசியை உங்கள் பெயருக்கு 14 நாளுக்குள் மாற்றுங்கள். என்சிபி ஆளோடு போகும், வண்டியோடு வராது. அதனால் மாற்றும்போது கொஞ்சம் வித்தியாசத் தொகை கேட்பார்கள், அது ஏமாற்று அல்ல. சென்னையில் இருந்துகொண்டு இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் இல்லாமல் பாலிசி எடுக்காதீர்கள். தண்ணீரில் ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால் சாதாரண பாலிசியில் ஒன்றும் கிடைக்காது.

9. உள்ளே படுக்கை போடலாமா

மெத்தை, மடக்குப் பலகை, ஜன்னல் திரைக்கு பதில் வலை, இவை கழற்றி எடுக்கக்கூடியவை, பிரச்சினை இல்லை. சீட்டின் போல்ட்டைக் கழற்றிவிட்டுக் கட்டில் அடிப்பது வேறு கதை. ஆர்சியில் ஏழு சீட் என்று இருக்கும், வண்டியில் நான்குதான் இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றத் தடை போடுகிறது, 2019ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. பட்டறையில் மாற்றிய பழைய வேனை "கேம்பர்" என்று விற்பார்கள். மாற்றம் ஆர்சியில் ஏறியிருக்கிறதா என்பதை மட்டும் கேளுங்கள், அழகைப் பார்த்து மயங்காதீர்கள். சமையலுக்கு என்று வீட்டு சிலிண்டரை உள்ளே ஏற்றவே வேண்டாம். 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் ஒன்பது பேர் இறந்தது அப்படிக் கொண்டுவந்த சிலிண்டரால்தான்.

10. எப்போது வாங்குவது, எப்படி எடுப்பது

ஆடி. ஷோரூமில் ஆள் இருக்காது, செகண்ட் ஹேண்ட் விற்பவர் இறங்கி வருவார். நான் ஆடியில் விலை பேசி, அட்வான்ஸ் கொடுத்து, ஆவணி பிறந்ததும் வண்டியை எடுத்தேன். அம்மாவுக்கும் சமாதானம், எனக்கும் 22 ஆயிரம் குறைந்தது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை செகண்ட் ஹேண்ட் பக்கம் போகாதீர்கள், மழையில் நனைந்தவை அப்போதுதான் சந்தைக்கு வரும்.

சாவி வாங்கும் அன்று டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். காலையில் அவர் வாங்கிய அபராதம் அவருக்கு, சாயங்காலம் நீங்கள் வாங்கியது உங்களுக்கு. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பழைய ஃபாஸ்டேகை அவர் ரத்து செய்த பிறகு உங்கள் பெயரில் புதிது வாங்குங்கள். ஆர்சி கார்டு தபாலில் வந்ததும் பெயரின் எழுத்து, முகவரி, சேசிஸ் எண், எரிபொருள் நான்கையும் வண்டியோடு ஒத்துப் பாருங்கள். எனக்கு வந்ததில் முகவரியில் குரோம்பேட்டை என்பது குரோம்பெட் என்று பாதியோடு நின்றிருந்தது. அதை விட்டுவிட்டேன். எரிபொருளில் தப்பு இருந்திருந்தால் அன்றே கிளம்பிப் போயிருப்பேன்.